தோளில் நிற்குமா?

அர்ச்சுனனுக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். கடையில் உப்பு வாங்கினால் தண்ணீர் தெளித்திருக்கிறானா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பான். கங்காணி சிரித்துப் பேசிவிட்டால் போச்சு. எதற்குச் சிரித்தான், மனசில் என்ன வைத்துக்கொண்டு சிரித்தான் என்று அன்றைக்கு முழுக்க ரப்பர் மரத்தோடு வழக்காடிக்கொண்டே பால் வெட்டுவான். சிம்பாங் ரெங்கத்துக்குத் தெற்கே பாலத்துத் தோட்டத்தில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. ‘சௌக்கியமா’ என்று யாராவது கேட்டால் ‘ஏன் கேக்குற?’ என்பதுதான் அவன் பதில்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தாயும் தகப்பனும் பேதியில் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கை செல்வராணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறியவன் அவன். ஆள் சேர்க்க வந்தவன், ‘மரம் இடுப்பளவு உசரந்தான், நிழல்ல உக்காந்தே வேல பாக்கலாம்’ என்று சொல்லியிருந்தான். வந்து பார்த்தால் மரம் வானத்தில் நின்றது, அட்டை காலில் நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த சந்தேகம் பிறகு அவனை விடவே இல்லை. தனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களையும், ‘இவ்வளவு நல்ல பொண்ண எனக்கு ஏன் குடுக்கிறாங்க?’ என்று யோசித்து யோசித்தே திருப்பி அனுப்பிவிட்டான். கட்டைப் பிரம்மச்சாரியாக நின்றவனுக்குத் தங்கை ஒருத்திதான் சொந்தம், பந்தம், ஊர் எல்லாம்.

அவளைக் கட்டிக்கொடுக்க அவன் பார்த்த மாப்பிள்ளை ஜெயபாலன். வெட்டிய ரப்பர் பாலைக் கொண்டுவந்து ஊற்றும் பால் ஸ்டோரில் வேலை. ஒரு வருஷம் முழுக்க அவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தான் அர்ச்சுனன். கள்ளுக்கடைக்குப் போகிறானா, எந்த லயத்து வீடுகள் பக்கம் நிற்கிறான், யாரோடு சிரிக்கிறான் என்று எதையும் விடவில்லை. ஒரு குறையும் அகப்படாததில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றங்கூட. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மாப்ள, இந்தத் தோட்டத்துல நான் சந்தேகப்படாத ஒரே ஆளு நீதான்’ என்றான். அவன் வாயிலிருந்து வந்த பெரிய ஆசீர்வாதம் அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்போது பந்துக்கு வருவோம். முப்பதுகளில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. தோட்டத்துக்கு ஒரு திடல், ஒரு டீம், டீமுக்குப் பின்னால் ஒரு கூட்டம். பாலத்துத் தோட்டத்துக் கூட்டத்துக்குத் தலைவன் அர்ச்சுனன். ஆட்டத்தைப் பற்றி அவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ரெஃப்ரி யாரிடம் காசு வாங்கியிருக்கிறான் என்பது மட்டும் ஆட்டம் தொடங்குமுன்பே தெரிந்துவிடும். கூட்டத்துக்குக் குரல் ஜெயபாலன். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ‘குனியாதே!’ என்று அவன் ஓங்கிக் கத்துவான். ‘நிமிரு!’ என்று கூட்டம் முழங்கும். துரை ஒரு தடவை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் அது என்னவென்று கேட்டாராம். பந்தைத் தலையால் முட்டச் சொல்கிறார்கள் என்று கிராணி விளக்கம் சொன்னாராம்.

கிராணி ஒன்றும் முட்டாள் இல்லை, ஆனால் அவருக்கும் அவர் வேலை முக்கியம். அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை லயத்துக்கு லயம் கைமாறிக் கந்தலாகும் வரை ஓடிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு மனுஷன் கைகட்டி நிற்கக் கூடாது என்று பேசச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரைத் தோட்டத்துக்குள் விடாமல் வாசலிலேயே திருப்பினார்கள். லயத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் வேலை மேய்க்கும் மண்டோருக்கு மூக்கு வியர்த்துவிடும். ஆனால் பந்து பார்க்க எத்தனை பேர் கூடினாலும் கேள்வி இல்லை. துரையே நாற்காலி போட்டு உட்காருவார். கூட்டம் போட வேறு இடம் இல்லாத ஜனங்கள் திடலில் கூடிக்கொண்டார்கள்.

தோட்டத்தில் எங்கேயும் எழுதி வைக்காத சட்டங்கள் நிறைய உண்டு. துரை வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். குடை பிடித்தவன் மடக்க வேண்டும். தோளில் துண்டு போட்டிருப்பவன் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் இடைவேளையில் துரை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு திடலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அவர் வர வர, கோட்டோரமாக நின்றவர்களின் துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கும். அவர் தாண்டிப் போன பிறகு ஒவ்வொன்றாக ஏறும். பார்க்கப் பார்க்க அர்ச்சுனனுக்கு வயிறு எரியும்.

அந்த வருஷக் கோப்பைக்கான கடைசி ஆட்டம் பாலத்துத் தோட்டத்துத் திடலிலேயே நடப்பதாக முடிவானது. மேட்டுத் தோட்டத்து டீம் வருகிறது; அவர்கள் துரையும் இன்னும் நாலைந்து துரைமாரும் மேடம்மாரும் வருகிறார்கள். அர்ச்சுனன் தன் ஆட்களை மாரியம்மன் கோயில் பின்புறம் கூட்டி விஷயத்தைச் சொன்னான்.

‘அன்னிக்கு எவனும் துண்ட எறக்கக் கூடாது. ஒருத்தன் எறக்கலன்னா சீட்டக் கிழிச்சு வேலய விட்டு அனுப்பிடுவான். அத்தன பேரும் எறக்கலன்னா? விருந்தாளிங்க முன்னால என்னா செஞ்சிடுவான்? நாளைக்கு மரத்த அவனே வெட்டுவானா?’

 முதலில் ஜெயபாலன்தான், ‘செய்யலாம் மச்சான்’ என்றான். அவன் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ஆனாலும் அர்ச்சுனன் அர்ச்சுனன்தானே? வெறும் வாய் வார்த்தையை அவன் எப்படி நம்புவான்? எல்லாரையும் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தான். ஜெயபாலனும் செய்தான். அன்றிலிருந்து அர்ச்சுனனுக்குத் தூக்கம் போயிற்று. திடலோரம் கச்சான் கடலை விற்க வந்த புது ஆள்மேல் சந்தேகப்பட்டு, பொட்டலம் வாங்கி, சுற்றியிருந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கச்சான் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு காரியமும் செய்தான். பால் வெட்டுகிறவன் துண்டு எப்படி இருக்கும் என்று அந்தத் தோட்டங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். ரப்பர் பால் பட்ட இடமெல்லாம் கறுத்துத் தடித்துப் போய்க் கிடக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. துரைமார் முன்னால் அந்தக் கந்தலைப் போட்டுக்கொண்டா மானத்தைக் காட்டுவது? ‘ஆளுக்கொரு புது வெள்ளத் துண்டு வாங்குங்க’ என்று உத்தரவு போட்டான். எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று. ஜெயபாலன் மட்டும் தன் பழைய துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

‘எனக்கு இதே போதும் மச்சான். இந்தக் கற நான் வேல செஞ்சு வந்த கற. தொர இதத்தானே பாக்கணும்?’

‘அட போ மாப்ள, அசிங்கம்’ என்றான் அர்ச்சுனன். கூட்டம் சிரித்தது. அத்தோடு அதை மறந்தும் போனார்கள்.

ஆட்டத்தன்று திடலைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரே ஒரு வழி விட்டிருந்தார்கள். முன்னெல்லாம் அப்படி இல்லை. அந்த வழியில் கிராணி நின்றார், மண்டோர் நின்றார், இரண்டு பக்கமும் காவல்கார ஜாகாக்கள் நின்றார்கள். நடுவில் பெரிய பிரம்புக் கூடை ஒன்று இருந்தது. அர்ச்சுனன் எட்டிப் பார்த்தான்; கூடை காலியாக இருந்தது.

‘தொர ஆர்டர்’ என்றார் கிராணி, யார் முகத்தையும் பார்க்காமல். ‘போன ஆட்டத்துல துண்டச் சுத்தி ஆட்டக்காரங்க கண்ண மறைச்சிட்டீங்களாம். அதனால துண்டோட யாரும் உள்ள போகக் கூடாது. இங்க போட்டுட்டுப் போங்க, ஆட்டம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம்.’

என்ன செய்வது? துண்டை இறக்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்களே தவிர, கூடையில் போடமாட்டோம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லையே! பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைப் பார்த்தார்கள். முன்னால் நின்றவர்கள் அர்ச்சுனனைப் பார்த்தார்கள்.  ஜாகா ஒருவன் கையை நீட்டினான். அர்ச்சுனன் தோளிலிருந்த புதுத் துண்டு முதலில் கூடைக்குள் போயிற்று. மற்றவை பின்னாலேயே போயின.

இடைவேளையில் துரை வழக்கம்போல் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார். வெறுந்தோளோடு நின்றவர்களுக்கு இறக்கவும் ஒன்றுமில்லை, இறக்காமல் இருக்கவும் ஒன்றுமில்லை. விருந்தாளித் துரைமார் அவரோடு ஏதோ பேசிச் சிரித்தார்கள். துரை அர்ச்சுனனுக்கு நேரே வந்தபோது சற்று நின்று அவன் தோளைப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார். அந்த ஒரு பார்வையில் அர்ச்சுனனுக்கு விளங்கிவிட்டது: இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், யாரோ போய்ச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் பந்தைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்துத் தோட்டம் கோல் போட்டுக் கோப்பையையும் வாங்கியது. சுழற்றக் கையில் துண்டில்லாத கூட்டம் நாலு கை தட்டிவிட்டு ஓய்ந்தது.

ஆட்டம் முடிந்து கூடையைக் கவிழ்த்தபோது இன்னொரு கூத்து. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வெள்ளைத் துண்டுகள். எது எவனுடையது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ‘இது என்னுது’, ‘உன்னுதுன்னு எப்படிச் சொல்ற’ என்று திடலோரம் ஒரே சந்தைக்கடை. ஜெயபாலன் மட்டும் குனிந்து, கறை படிந்த தன் துண்டைச் சட்டென்று உருவித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

‘பாத்தீங்களாண்ணே?’ என்றான் பக்கத்தில் நின்ற செல்லப்பன். இவன் அர்ச்சுனனுக்கு வலதுகை. தலைவனுக்கு வேண்டிய சந்தேகத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பதில் கெட்டிக்காரன். ‘எல்லாரும் புதுசு வாங்கினோம், உங்க மாப்பிள்ள மட்டும் வாங்கல. கூடைக்குத்தான் போவும்னு மொதல்லயே தெரிஞ்சவனாட்டம் இருக்கு.’

‘வாய மூடுறா’ என்றான் அர்ச்சுனன். ஆனால் விதை விழுந்துவிட்டது.

அடுத்த நாள் புல் வெட்டும் பேச்சியம்மாள் இன்னொன்று சொன்னாள். ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஜெயபாலன் கிராணி வீட்டுப் பின்வாசலில் நின்று ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்தாளாம். ‘அலமாக்! நம்ம பாலனான்னு நானே அசந்துட்டேன்லா’ என்று மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள், அட்டைக்காட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த செல்வராணிக்கு ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை கிடைத்தது. அவளுக்கு அப்போது ஐந்து மாசம். உட்கார்ந்து பார்க்கிற வேலை அந்தத் தோட்டத்தில் லேசில் கிடைக்கிற சமாச்சாரமா? எதற்கு விலையாகக் கிடைத்தது?

துண்டு, பின்வாசல், ஆயாக் கொட்டகை என்று மூன்றையும் கோத்துப் பார்த்துக்கொண்டே அர்ச்சுனன் ஒரு வாரம் சாப்பாட்டில் கையை அளைந்தான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்கு, சந்தேகமே படாத ஒருவன்மேல் சந்தேகம் வந்தபோது அதைத் தாங்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்லப்பனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். செல்வராணி அண்ணனுக்கு மணை போட்டாள். அவன் உட்காரவில்லை.

‘கிராணி வீட்டுக்கு எதுக்குப் போன?’

ஜெயபாலன் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான். ‘இவளுக்கு வேல மாத்திக் கேக்கப் போனேன். ரெண்டு தடவ அட்டக்காட்டுல மயங்கி விழுந்துட்டா. உங்ககிட்ட சொன்னா, கிராணி கால்ல போயி விழுவியான்னு கத்துவீங்க. அதான் சொல்லல.’

‘புதுத் துண்டு ஏன் வாங்கல?’

‘அன்னிக்கே சொன்னேனே மச்சான். எல்லாரும் சிரிச்சீங்களே.’

பதில் கோணாமல் இருந்தது. கோணாமல் இருந்ததுதான் அர்ச்சுனனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறானே என்று தோன்றியது. மடியிலிருந்து சூடத்தை எடுத்து முன்னால் வைத்தான்.

‘அப்படின்னா இப்ப மறுபடியும் சத்தியம் பண்ணு. அவ வயித்துல இருக்கிற புள்ள மேல பண்ணு.’

செல்வராணி எழுந்து நின்ற வேகத்தில் கால் பட்டு மணை புரண்டது. ‘அண்ணே!’ என்றாள். 

ஜெயபாலன் சூடத்தைத் தொடவில்லை. ‘ஒரு தடவ கோயில்ல அடிச்சேன், அது போதும். என் புள்ளையப் பணயம் வச்சு உங்களுக்கு நான் நல்லவன்னு காட்ட மாட்டேன்’ என்றான்.

‘பாருங்கண்ணே, பண்ண மாட்டேங்கிறான்!’ என்றான் செல்லப்பன்.

அத்தோடு தீர்ந்தது. அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஜெயபாலனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பால் ஸ்டோரில் அவன் நின்ற இடத்தை விட்டு மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் திடலுக்கு வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவனுக்கு வழி விட்டது. அதாவது, வந்த வழியே போ என்று வழி விட்டது. குரல் கொடுக்கச் செல்லப்பன் முயன்றான். ‘குனியாதே’ என்று அவன் கத்தியது கோழி கூவியது மாதிரி இருந்தது. யாரும் பதில் முழங்கவில்லை. எவன் பேச்சை எவன் போய்ச் சொல்வானோ என்று பக்கத்தில் நிற்கிறவனையே ஓரக்கண்ணால் பார்க்கும் கூட்டத்துக்குக் குரல் எங்கிருந்து வரும்?

சீக்கிரமே ஜெயபாலனும் செல்வராணியும் மூட்டை கட்டிக்கொண்டு சாஆ என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். லோரி ஏறுமுன் செல்வராணி அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

‘கப்பல்ல நான் வாந்தி எடுத்தப்ப ஒன் துண்டுல ஏந்தினியாமே, நீதான் சொல்லுவ. இந்தப் புள்ளைக்குக் காது குத்த ஒன் மடியிலதான் உக்கார வைக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்’ என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அர்ச்சுனன் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். அவள் போய்விட்டாள்.

மாசங்கள் ஓடின. பெண்குழந்தை பிறந்த செய்தி, யாரோ யாரிடமோ சொல்லி, எல்லாருக்கும் கடைசியாக அர்ச்சுனன் காதுக்கு வந்தது. தாய்மாமனுக்குச் சேதி சொல்ல ஆள் வராத வீடு எங்கேயாவது உண்டா? அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. இருந்தாலும் மனசுக்குள், ‘காட்டிக் குடுத்தவன் புள்ளதானே’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். சொன்னதும் நெஞ்சு வலித்தது. அந்த வலியையும் சந்தேகப்பட்டான்.

அடுத்த வருஷக் கோப்பை ஆட்டங்கள் தொடங்குகிற சமயம், புகையிலை வாங்கக் கடைக்குப் போனான். கடைக்கார மணியம் வெள்ளை மனசுக்காரர், வாய் மட்டும் ஓயாது.

‘வாப்பா தலைவரே! இந்த வருஷமும் துண்டு வேணுமா? முன்கூட்டியே சொல்லிடு லா. போன வருஷம் பெரிய ரோதனையாப் போச்சு. நீ மொத ஆளா வந்து வாங்கின. பின்னாலயே ஒவ்வொருத்தனா வந்துட்டீங்க. துண்டு தீந்துபோயி, க்ளுவாங் டவுன்லேருந்து ஒரு கட்டு கொண்டாரச் சொல்லி, தோட்டத்து லோரிய அனுப்புற கிராணிகிட்ட சொன்னேன். என்னாய்யா விசேஷம், தீவாளி கூட இல்லையேன்னாரு.’

அர்ச்சுனன் புகையிலையை முகர்ந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ‘நீங்க என்னா சொன்னீங்க?’

‘என்னா சொல்றது? சிரிச்சேன். துண்டு வாங்கறவன் வேர்வ உறிஞ்சுமான்னு கேப்பான், சாயம் போவுமான்னு கேப்பான். நீங்க அத்தன பேரும் ஒரே கேள்விதான் கேட்டீங்க: தோள்ல நிக்குமா, நழுவாம இருக்குமா? நீ அந்தக் கண்ணாடி முன்னால போட்டுப் போட்டு நடந்துகூடப் பாத்த. அதச் சொல்லித்தான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. நல்ல மனுஷன்ப்பா, அன்னிக்கே போயி தொரகிட்ட விஷயத்தச் சொல்லி, லோரிக்கு அனுமதி வாங்கிக் கட்டக் கொண்டாந்துட்டாரு.’

கடைக்குள் ஒரு மூலையில் அந்தக் கண்ணாடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் அதில் தன் முகத்தைப் பார்த்தான். காட்டிக் கொடுத்தவனை ஊரெல்லாம் தேடியவன், கடைசியில் அவனைக் கண்டுபிடித்துவிட்டான். புகையிலையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தான். மணியம் பின்னால் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

செல்லப்பனிடம் சொன்னான். செல்லப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, ‘கடக்காரன் பொய் சொல்லலாம்ல? ஜெயபாலன் ஏதாச்சும் அவனுக்குக் குடுத்திருக்கலாம்ல?’ என்றான். தன் சந்தேகத்தை அடுத்தவன் வாயில் கேட்டபோதுதான் அர்ச்சுனனுக்கு அது எவ்வளவு அசிங்கமான சாமான் என்று தெரிந்தது. கை ஓங்கிவிட்டான். பிறகு தாழ்த்திக்கொண்டான். இவனை அடித்து என்ன ஆகப் போகிறது?

க்ளுவாங் பத்தரிடம் ஒரு ஜோடி சின்னக் கம்மல் செய்து வாங்கினான். தங்கம் சுத்தமா என்று உரசிப் பார்க்கச் சொல்லவில்லை. பத்தர் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை அப்படியே மடியில் வைத்துக்கொண்டான். ஆனால் சாஆ போகக் கால் வரவில்லை. எந்த முகத்தோடு போவது? நல்ல வேளை, பாலத்துத் தோட்டத்து டீமுக்குச் சாஆ திடலில் ஆட்டம் விழுந்தது. தோட்டத்து லோரியில் மற்றவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போனான். தோளில் அதே வெள்ளைத் துண்டு.

அந்த வருஷம் காற்றே வேறு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. சாஆ கூட்டத்தில் பாதிப் பேர் துரை முன்னால் துண்டை இறக்குவதில்லை என்று லோரியிலேயே பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான் என்று திடலில் இறங்கியதும் தெரிந்தது. எதிர்ப்பக்கக் கோட்டில் ஒரு கூட்டம் ‘குனியாதே! நிமிரு!’ என்று முழங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நின்று குரல் கொடுக்கிறவன் யாரென்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குரலை அர்ச்சுனன் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுகொள்வான். தோளில் கறை படிந்த அந்தப் பழைய துண்டு கிடந்தது. பாலத்துத் தோட்டத்துக் கூட்டம் வாயை மூடிக்கொண்டு நின்றது.

இடைவேளை விட்டதும் அர்ச்சுனன் திடலைச் சுற்றிக்கொண்டு போனான். அந்தக் கோடியிலிருந்து இரண்டு தோட்டத்துத் துரைமாரும் சுருட்டோடு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெயபாலனுக்குப் பக்கத்தில் செல்வராணி நின்றாள். இடுப்பில் குழந்தை, அச்சு அசல் அவளேதான். குழந்தையின் இரண்டு காதிலும் கறுப்பு நூல் கோத்திருந்தது.

காது குத்தியாகிவிட்டது. யார் மடியில் உட்கார வைத்தார்களோ?  கம்மலை வெளியே எடுக்கப் போன கை மடியிலேயே நின்றுவிட்டது.

‘மாப்ள’ என்றான். ‘எவனும் காட்டிக் குடுக்கல. கடையில துண்டு வாங்கறப்பவே நாந்தான் காட்டிக் குடுத்திருக்கேன். எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது.’

ஜெயபாலன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தோளிலிருந்த துண்டை மெல்ல எடுத்தான். அதை இடுப்பில் சுற்றிக் கட்டினான். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றான்.

‘இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க, தொர?’ என்றான்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அர்ச்சுனன் தாங்கியிருப்பான். இந்த ஊருக்கு வந்த பிறகு இந்த மனிதன் எந்தத் துரைக்கும் இறக்காத துண்டு அது.  அர்ச்சுனன் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. தன் வெள்ளைத் துண்டை எடுத்தான், இடுப்பில் கட்டினான், மாப்பிள்ளைக்கு முன்னால் கைகட்டி நின்றான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு கூலிகளாக அப்படியே நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் துரைமார் அவர்களைத் தாண்டிப் போனார்கள். பாலத்துத் தோட்டத்துத் துரை இரண்டு இடுப்பையும் பார்த்தார். திருப்தியாகத் தலையை அசைத்தார். பக்கத்துத் துரையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே சுருட்டுப் புகையோடு நடந்தார்.

ஜெயபாலன் முகம் கறுத்துவிட்டது. செல்வராணிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் நெருப்பு இருந்தது.

‘ரெண்டு பேரும் துண்டத் தூக்கித் தோள்ல போடுங்க. அந்த ஆளு தனக்குன்னு நெனச்சிட்டுப் போறான் பாருங்க!’

ஜெயபாலன் தன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு திடல் பக்கம் திரும்பினான். அவன் ‘மச்சான்’ என்று சொல்லவில்லை. ‘போ’ என்றும் சொல்லவில்லை. அர்ச்சுனனும் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.  கடைக்காரர் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்த துண்டு, எத்தனை தடவை போட்டாலும் நழுவி நழுவி விழுந்தது.